ஏறி உட்காரும் உரிமை: சைக்கிளும் சாதியும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சட்டக் கல்லூரிக்குப் போகாதவர்களும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. நில அபகரிப்பு, சமூகப் புறக்கணிப்பு, பாலியல் வன்முறை என்று நீளும் அந்தக் குற்றப் பட்டியலில் திடீரென்று ஒரு சாதாரணச் சொல் வந்து நிற்கும்: சைக்கிள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

இதை வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மங்கள்யான் செவ்வாயைச் சென்றடைந்தது 2014 செப்டம்பரில். அதற்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டுகிறவனை இறக்கிவிடாதே என்று எழுதிச் சேர்த்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தேவையில்லாமல் யாரும் ஒரு சொல்லைச் சட்டத்தில் சேர்ப்பதில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. நகரத்தில் இருக்கும் நம் தோழர்கள் பலர், சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து, கார் இல்லாத வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். காரை விடுங்கள், சைக்கிளுக்கு மாறுங்கள் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். காற்று கெட்டுப்போனால் முதலில் மூச்சுத் திணறுவது சாலையோரக் குடிசையில் இருப்பவர்தான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சில், சைக்கிள் என்பது காரை வைத்திருந்தவர் தானாக இறங்கி வந்து சேரும் இடமாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கார், ஜீப், வேன் ஏதாவது ஒன்று வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு 4.7. சைக்கிள் வைத்திருந்த வீடுகள் 44.8. நம்மவர்கள் எந்தக் காரிலிருந்தும் இறங்கி சைக்கிளுக்கு வரவில்லை. மண்ணிலிருந்து அதன்மேல் ஏறினார்கள். ஏறியதற்காக அடி வாங்கினார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சைக்கிள் வருவதற்கு முன்பு வண்டி என்றால் என்ன? வண்டி என்றால் வண்டிக்காரன். பல்லக்கு என்றால் தூக்குகிறவன். இன்னொருவர் கை படாத வாகனமே கிடையாது. சாதி சமூகத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்பதை அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சொல்லும்.

1901. அம்பேத்கர் சிறுவன். அப்பா கோரேகானில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு அங்கே போகலாம் என்று சதாராவிலிருந்து பிள்ளைகள் மட்டும் புதுத்துணி உடுத்திக்கொண்டு ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கடிதம் போய்ச் சேராததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடையில் இருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்பாகத்தான் விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. வெளியே மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு: இரட்டிப்பு வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். காசு இரண்டு மடங்கு, வேலையும் நம்முடையது.

28 ஆண்டுகள் கழித்து, 1929-இல், அம்பேத்கர் வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர். தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் தயாராக இல்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவரே ஓட்டுகிறார். வழியில் பாலத்தில் சக்கரம் சிக்கி அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுகின்றன. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் இவை இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார். இன்னும் படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இந்த இரண்டு சம்பவத்திலும் பயணிக்கிறவர் கையில் காசு இருக்கிறது. வண்டியும் அங்கேயே நிற்கிறது. வண்டிக்காரரின் மனதுதான் தடை.

அப்படியானால் சொந்தமாக வண்டி வாங்கினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி சொந்தமாக ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு அதில் ஏறி, புலையர்கள் நடக்கவே கூடாது என்று விலக்கி வைத்திருந்த பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மறித்தார்கள், அவர் திருப்பி அடித்தார். வைக்கம் போராட்டத்துக்கு 31 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. வைக்கத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்த நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த வில்லுவண்டி தெரியும்?

நம் பக்கம் என்ன நிலைமை? சென்னை சட்டமன்றத்தில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியாகத்தான், பொதுத்தெருவிலும் சாலையிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. நடக்கலாம் என்பதற்கே ஒரு தீர்மானம். அது காகிதத்தில் இருந்தது. ஊரில் இருந்தது வேறு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் அது பதினொரு தடைகளாக வளர்ந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இன்னொன்றை நம் பொருளுக்காகக் கவனியுங்கள்: கல்யாணத்தில் குதிரை ஏறக் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எந்தக் காரியத்துக்கும், எந்த வாகனமும். 1931-இல் போட்ட இந்தத் தடையையும் 2015 சட்டத் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். செருப்பு, துணி, குதிரை, வாகனம் என்று ஒரே பட்டியல்தான். முன்னது தடை போட்டவன் எழுதியது, பின்னது தடையை உடைக்க எழுதியது. இடையில் 84 ஆண்டுகள்.

பஸ் வந்தபோதும் இதே கதைதான். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள் தனியார் முதலாளிகள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகே வழிக்கு வந்தார்கள். பஸ்ஸில் ஏறிவிட்டோம், சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரத்தில் இறங்கினார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? கலவரம் செய்தவர்களைத் திருத்துவதற்குப் பதிலாக, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்க முடியாமல் ஒரு மாநிலமே தன் பெயர்ப் பலகைகளை அழித்துக்கொண்டது!

இந்தப் பின்னணியில் சைக்கிளை வைத்துப் பாருங்கள். அதற்கு வண்டிக்காரன் வேண்டாம். மாடு, தீவனம், தொழுவம் எதுவும் வேண்டாம். உரிமம் வாங்கிய முதலாளியும் வேண்டாம், நடத்துநரும் வேண்டாம். ஆண்டையின் வயலில் மிதித்த அதே காலை வைத்து மிதித்தால் போதும், அது போகும். யாருடைய சம்மதமும் இல்லாமல் ஒரு மனிதன் வேகமாகப் போக முடியும் என்பதை நம் மக்களுக்கு முதலில் காட்டிய இயந்திரம் அதுதான் என்று நாம் கருதுகிறோம்.

ஆரம்பத்தில் அது துரைமார்களின் வண்டி, பிறகு வக்கீல், டாக்டர் வண்டி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ராலேயும் ஹம்பரும் நம் கைக்கு எட்டாது. சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் வந்தன. புதுசு வாங்கியவன் பழசைத் தள்ளிவிட்டான். அந்தப் பழசுதான் சேரிக்கு வந்தது. வாங்க முடியாதவனுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள்.

சைக்கிளால் என்ன மாறியது என்றால், முதலில் தூரம் மாறியது. பண்ணையாளுக்கு அதுவரை உலகம் என்பது நடந்து போய் இருட்டுவதற்குள் திரும்பும் தூரம். அந்த வட்டத்துக்குள் யார் நிலம் வைத்திருக்கிறாரோ அவரிடம்தான் வேலை, அவர் கொடுப்பதுதான் கூலி. சைக்கிள் வந்ததும் வட்டம் விரிந்தது. பத்து மைல் தள்ளி நகரத்தில் சித்தாள் வேலைக்கும், செங்கல் சூளைக்கும், மில்லுக்கும் போய்விட்டு இரவு வீடு திரும்பலாம். உள்ளூர் ஆண்டை கூப்பிட்டால் ‘எனக்கு வெளியில் வேலை இருக்கிறது’ என்று சொல்லலாம். கூட்டத்துக்குப் போகலாம், துண்டறிக்கை கொண்டுபோய்க் கொடுக்கலாம், அடிபட்டவரைக் கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். கூலி உயர்வுக்கு எத்தனையோ காரணங்களைப் பொருளாதாரப் பேராசிரியர்கள் எழுதுகிறார்கள். இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அதனால்தான் இறங்கித் தள்ளு என்றார்கள்.

ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்க வேண்டும். தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். நம் வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த மரம், எந்தக் கோயில் முக்கு என்று இடத்தோடு சொல்வார்கள். இந்த விதியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சைக்கிள் வைத்திருக்காதே என்று சொல்லவில்லை. பின்னால் மூட்டையை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை விட உயரம் கூடிவிடுகிறது. மணி அடித்தால் அவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு உறுத்தியது அந்த உயரமும் அந்த மணியும்தான். செருப்பைக் கையில் எடு, குடையை மடக்கு, துண்டை இடுப்பில் கட்டு என்பதோடு சேர்ந்த விதி இது. இன்னொன்று. ஊராட்சிகளும் நகராட்சிகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நம்மவரும் முழு வரிதான் கட்டினார். தெருவில் பாதிதான் ஓட்ட முடிந்தது.

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்பவர்களுக்கு: கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஆய்வு 2006-இல் நூலாக வந்தது. சைக்கிள் ஓட்ட, குடை பிடிக்க, செருப்பு போட, நல்ல துணி உடுத்தத் தடை இருந்த கிராமங்கள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை என்று அது கண்டது. சட்டத்தில் சைக்கிள் என்ற சொல் நுழைந்ததற்கு இப்படிப்பட்ட நிலவரம்தான் அடிப்படை.

தள்ளு என்றவர்களுக்கு எதிராக சைக்கிளையே இயக்கமாக்கியவர் கான்ஷிராம். 1981 டிசம்பர் 6 அன்று அவர் தொடங்கிய டி.எஸ்.-4 அமைப்புக்குப் பண முதலைகள் பின்னால் இல்லை. பத்திரிகைகள் எழுதவில்லை. 1983 மார்ச் 15 அன்று டெல்லியிலிருந்து நூறு பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். ஏழு மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். இரண்டு கால், இரண்டு சக்கரம் போதும் என்பதுதான் அவர் சொன்ன கணக்கு. இதை எளிமை என்று புகழ்வது நமக்குப் பிடிக்கவில்லை. காந்தியாரின் மூன்றாம் வகுப்பு ரயில் பயணத்தோடு இதை ஒப்பிடவும் கூடாது. கான்ஷிராம் கையில் இருந்தது அதுதான், அதைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தார். எந்த ஊர்களில் இறங்கித் தள்ளச் சொல்வார்களோ அதே மாதிரியான ஊர்கள் வழியாக நூறு பேர் சேர்ந்து ஏறி உட்கார்ந்தபடி போனால், கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே செய்தி போய்விடுகிறது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. (அதன் சின்னம் யானை. சைக்கிள் சின்னம் பிற்பாடு சமாஜ்வாதி கட்சிக்குப் போனது. இந்த வேடிக்கையை என்னவென்று சொல்ல!)

ஆண்களின் கதை இது. பெண்கள் சைக்கிளில் ஏற மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றதாக அங்கே போய்ப் பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவர்களில் விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எழுத்தறிவு இயக்கத்தின் வரலாற்றில் இது பெண் விடுதலை என்ற தலைப்பில் வருகிறது. சரிதான். ஆனால் கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடந்த ஒரு தலித் பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கொண்டுவிடச் சொல்லாமல், ஊர்த்தெரு வழியாக மணி அடித்துக்கொண்டு போனதில் எத்தனை விதிகள் ஒரே நேரத்தில் உடைந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. இதன் தொடக்கம் பலருக்கு நினைவில்லை. 2001-02-இல் அது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கான திட்டமாகத்தான் வந்தது. பிறகுதான் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இலவசம் என்று கிண்டல் செய்கிறவர்கள், மேல்நிலைப் பள்ளி பெரும்பாலும் எங்கே இருக்கிறது, காலனி எங்கே இருக்கிறது, நடுவில் யார் தெரு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். பீகாரில் 2006-இல் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்ததை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார்கள்.

ஒரே நிறம், ஒரே மாதிரி. பள்ளி வளாகத்தில் வரிசையாக நிற்கும் அரசு சைக்கிள்களில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. நாம் உண்மையிலேயே விரும்பிய காட்சி அது. அதையும் விட்டுவைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கயிறு, நெற்றியில் திலகம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் தடை செய்யச் சொன்னார்: சாதி அடையாளம் காட்டும்படி வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வருவது. அரசு கொடுத்த ஒரே நிற சைக்கிளுக்கும் சாதி பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்பதுதான் இதன் பொருள்.

சைக்கிளில் தீராத ஆத்திரம் மோட்டார் சைக்கிளுக்கும் போகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவர் கையில் வெட்டப்பட்டார். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றது புகார். இப்படியிருக்கையில், நம் இளைஞர்கள் ஏன் புல்லட்டுக்கு ஆசைப்படுகிறார்கள், சைக்கிள் ஓட்டக் கூடாதா என்று சூழலியல் பேசும் நண்பர்கள் கேட்கும்போது நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுக்கப்பட்ட உயரத்தில் ஏறிப் பார்க்க நினைப்பவனிடம் போய் எளிமையைப் போதிக்க வேண்டாம்.

சைக்கிள் பாதை வேண்டும் என்றால் முதலில் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பார்க்கட்டும். விடியற்காலையில் விளக்கில்லாத சாலையில் போகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள், காவலாளிகள், கட்டட வேலைக்காரர்கள். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதே சென்னையில்தான், வேலை செய்யும் இடத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்க்கொண்டிருந்த குடிசைப்பகுதி மக்களைப் பெயர்த்தெடுத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகரிலும், அதையும் தாண்டிப் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். காரே இல்லாமல் வாழ்ந்தவர்களின் சைக்கிளைப் பயனற்றதாக்கிவிட்டு, கார் வைத்திருப்பவர்களை சைக்கிளுக்கு அழைக்கிறது நகரம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் இப்போதும் எங்காவது இறங்கித் தள்ளச் சொன்னால், ‘வழியில் தகராறு’ என்று மட்டும் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நாள், நேரம், எந்தத் தெரு, யார் மறித்தது, எந்தச் சொல்லைச் சொல்லி இறக்கினார்கள் என்பதை எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(இஸட்-ஏ)(பி) என்று குறிப்பிடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவு சொல்கிறது. பதிய மறுக்கும் அதிகாரி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் என்றால், கடமையை வேண்டுமென்றே புறக்கணித்ததற்காக நான்காம் பிரிவு அவர் மீதே பாயும். புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.